இணைப்பு தெரியாத தரை

ஹாலில் டி.வி. வைப்பது எனக்குப் பிடிக்காது. வீட்டை அழகுபடுத்தித் தரச் சொல்லி வருகிற எல்லாரிடமும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். டி.வி. இருந்தால் நாற்காலிகள் எல்லாம் அதைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும், மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். அக்காவிடமும் இதைத்தான் சொன்னேன். "அப்ப நான் சீரியல எங்கடா பாக்குறது, குக்கர் மூடியிலயா?" என்று கேட்டாள். மறுநாளே அவள் அறையில் புதிய டி.வி. ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். அவளுக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை.

என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். எனக்கு ஆறு வயதில் பெற்றோர் இறந்துவிட்டார்கள். அக்கா தையல் மெஷினை மிதித்து என்னை வளர்த்தாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் இத்தாலிக்குப் போய்க் கல்வேலையும் சுவர்ப்பூச்சும் கற்க வேண்டும் என்றபோது, "போயிட்டு வா. ஆனா திரும்பி வந்து புரியாத பாஷையில என்னைத் திட்டாத" என்று மட்டும் சொன்னாள்.

அங்கே இரண்டு வருஷம் இருந்தேன். ஒரே பாறையிலிருந்து பலகை பலகையாக அறுத்து, புத்தகத்தைப் பிரிப்பதுபோல் பக்கத்தில் பக்கம் வைத்துப் பதிக்க வேண்டும். கல்லில் ஓடும் சாம்பல் ரேகை ஒரு பலகையில் தொடங்கி அடுத்ததில் தொடர வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பும் பளிங்குப் பொடியும் கலந்து எட்டுப் பூச்சு, ஒவ்வொன்றும் காகிதத் தடிமன்தான். கொத்துக்கரண்டியால் தேய்க்கத் தேய்க்க, சுவருக்கு உள்ளேயிருந்து வெளிச்சம் வருவதுபோல் இருக்கும். இணைப்பு கண்ணில் பட்டால் அது வேலையே இல்லை என்பார் எனக்குக் கற்றுக்கொடுத்த கல்தச்சர்.

திரும்பி வந்து இருபது வருஷத்தில் எனக்கு நல்ல பெயர் வந்தது. பெரிய வேலை என்றால் வீட்டுக்கே வந்து பேசுவார்கள். ஹாலில் அக்கா தன் பச்சை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை ஒரு ஹோட்டல்காரரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். நான் வரைபடத்தை விரித்துக்கொண்டிருந்தபோது அக்கா அவர்களிடம், "கைதான் இப்படி சுத்தம். பத்து வயசு வரைக்கும் தெனமும் பாய நனைச்சிடுவான்" என்றாள். அவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வேலையும் எனக்கே கிடைத்தது. நானும் சிரித்தேன். அக்காவின்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. ஒருநாளும் அவளிடம் குரல் உயர்த்திப் பேசியவன் இல்லை நான். பக்கத்து வீட்டில் விசாரித்தால் சொல்வார்கள்.

அதே வருஷம் அவளுக்குக் கண் மங்கத் தொடங்கியது. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நேரே இருப்பது கொஞ்சம் தெரியும், கீழே இருப்பதும் ஓரத்தில் இருப்பதும் தெரியாது என்றார் கண் டாக்டர். ஒரே நிறத்தில் படிகள் இருந்தால் தரை என்று நினைத்துக் காலை வைத்துவிடுவார், விளிம்பில் பளிச்சென்று ஏதாவது ஒட்டிவையுங்கள் என்றார். கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

ஹாலைத் தாழ்த்தி மூன்று படி வைத்தது அதற்கு முன்பா, பிறகா என்று கேட்டீர்கள். பிறகுதான்.

வருகிறவர்களுக்குக் காட்ட, என் வீட்டு ஹாலையே மாதிரி அறையாகச் செய்துவைக்க நினைத்தேன். வால்நட் மரத்தில் ஆணியே அடிக்காமல் பொருத்திய பலகைகள், கையால் ஊதிய கண்ணாடி விளக்கு, சிங்கப் பாதம் செதுக்கிய பளிங்கு மேசை. நடுப்பகுதியைத் தாழ்த்தினால் உள்ளே வருகிறவர் அறை முழுவதையும் ஒரே பார்வையில் பார்ப்பார். படிகளுக்கும் தரைக்கும் ஒரே பாறைதான். மேல் தரையில் ஓடிய ரேகை படிகளில் இறங்கிக் கீழ்த் தரையில் தொடர்ந்தது. அதைப் பொருத்த மட்டும் எனக்குப் பதினோரு நாள் ஆனது. கொத்தனார் தயங்கினார். "சார், விளிம்புல கறுப்புக் கல்லால ஒரு கோடு போட்டுடலாம். ரெண்டு கண்ணும் நல்லா இருக்குற எனக்கே படி தெரியல. வீட்ல அக்கா வேற இருக்காங்க" என்றார். கோடு போட்டால் இவ்வளவு வேலையும் வீணாகிவிடும் என்றேன். படி இருப்பதைச் சொல்லிவைத்தால் அக்கா தானாகவே அந்தப் பக்கம் வர மாட்டாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் ஞாபகம்.

வேலை முடிந்த அன்று அவளைக் கூட்டிவந்து காட்டினேன். சுவரைத் தடவிப் பார்த்தாள். "ஹாலாடா இது? எங்க தொட்டாலும் பாத்ரூம் மாதிரி வழவழன்னு இருக்கு" என்றாள். ஆனால் அவள் முகத்தில் பெருமை இருந்தது. அடுத்த வாரம் யாரிடமோ சொல்லி மஞ்சள் டேப் வாங்கிவரச் செய்து, தரையில் தவழ்ந்து மூன்று படிக்கும் தானே ஒட்டியிருந்தாள். "இப்ப பாரு, பஸ் ஸ்டாண்டு மாதிரி பளிச்சுன்னு இருக்கு" என்றாள்.

நான் அதைப் பிய்த்துவிட்டேன். அவள் திரும்ப ஒட்டினாள். நான்கு முறை இப்படி நடந்தது. சண்டை என்று ஒன்று வரவே இல்லை.

அந்த வியாழக்கிழமை ஒரு ஆஸ்பத்திரி முதலாளி தன் குடும்பத்தோடு பதினோரு மணிக்கு வருவதாக இருந்தார். ஒன்பது மணிக்கு நான் டேப்பைப் பிய்த்தேன். பசை போக மூன்று படியையும் துடைத்தேன். பிறகு பளிங்கு மேசையைப் படிப் பக்கமாக ஒரு முழம் இழுத்துவைத்தேன். அங்கிருந்தால் ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் நன்றாக விழும்.

பத்தே காலுக்கு அக்கா வந்தாள். புதுத் துணி உடுத்தித் தலை வாரியிருந்தாள். "வர்றவங்க முன்னாடி நானும் கொஞ்சம் லட்சணமா இருக்கணும்ல" என்றாள். இரண்டடி வைத்தவள் நின்றுவிட்டாள். கால் கட்டைவிரலால் தரையைத் துழாவினாள்.

"தம்பி, டேப்பு கண்ணுல படலையே. படி வந்துடுச்சா?"

நான் கீழே மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் விரல்களுக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

"இன்னும் தூரம் இருக்குக்கா. தைரியமா வா" என்றேன்.

உடனே வந்தாள். என் குரலைக் கேட்டால் அவள் அதற்குமேல் யோசிக்க மாட்டாள்.

மேசை விளிம்பில் தலை பட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு நினைவு இருந்தது.

"தப்பா கால் வச்சிட்டனாடா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. பாத்து வந்திருக்கலாம்."

"உன் மேசைக்கு ஒண்ணும் ஆகலயே?"

இல்லை என்றேன். உண்மையிலேயே ஒரு கீறல்கூட இல்லை. பிறகு அந்த முதலாளிக்குப் போன் செய்து, அக்காவுக்கு உடம்பு சரியில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்றேன். அவள் அறையிலிருந்து டேப்பை எடுத்துவந்து மூன்று படிக்கும் நேராக ஒட்டினேன். மேசையைப் பழைய இடத்துக்குத் தள்ளிவைக்க மறந்துவிட்டது. ஆம்புலன்சுக்கு நான் போன் செய்தது பதினொன்றே முக்காலுக்கு. ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கலாம்.

டேப்பில் ஒரு தூசிகூட ஒட்டவில்லை, ஒரு கால்தடம்கூடப் படியவில்லை என்று நீங்கள் கவனித்தீர்கள். நல்ல கண் உங்களுக்கு. அதனால்தான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவளைக் கொன்றது நான்தான். படியைக் கட்டியதும் டேப்பைப் பிய்த்ததும் வா என்று கூப்பிட்டதும் நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றை மட்டும் மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள். தானே கால் தவறி விழுந்துவிட்டதாக நினைத்துத்தான் அவள் கண்ணை மூடினாள். கடைசிவரை அவள் மனம் நோக நான் எதுவும் செய்யவில்லை.