வியாழக்கிழமை எடை பாக்க வேண்டாம்

இல்ல யாப் அண்ணே, வியாழக்கிழமை சரிப்படாது. உங்க ஆராய்ச்சி ஆபீஸ் நர்ஸம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. தராசைத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரத்துலேர்ந்து வரவேண்டாம். பால்பொடி டப்பாவையெல்லாம் அப்படி ஓரமா வைங்க, அப்புறம் நான் ஷெட்டுல எடுத்து வச்சுக்கறேன். உக்காருங்க. காப்பி தயாரா இருக்கு, ஒரு கப்பு குடிச்சுட்டுப் போங்க. வெளிய காத்து ஆளைத் தூக்குது.

கட்டாயம் பாத்தாகணும்னா சொன்னாங்க? பிள்ளைக்கு ஒன்பதாவது மாசம் எடை, நீளம், ரெண்டும்? சேரும்போதே சொன்னாங்கதான், இல்லைங்கல. ஆனா அவங்க கேக்கறதுக்கெல்லாம் நான்தான் ஃபோன்ல பதில் போட்டுக்கிட்டே இருக்கேனே. ஒரு ஞாயித்துக்கிழமை விட்டதில்லை. எத்தனை மில்லி குடிச்சா, எத்தனை தடவை வெளிய போனா, வாந்தி உண்டா, சிரிக்கிறாளா. எடையையும் அதே மாதிரி நானே பாத்து அனுப்பிடறேன். ஒரு கிராம் கூடக் குறைச்சு என்ன ஆகப்போகுது?

ஆமாமா, பல்லு. கீழ ரெண்டு. ஆபீஸ்ல அந்தப் பொண்ணு உங்ககிட்டயும் சொல்லிட்டாளா? நல்ல பொண்ணு. அதுக்கு ஃபோன்ல ஒரு கைதட்டுற பொம்மை போட்டு அனுப்பியிருந்தா.

வீட்டுக்காரி வில்லமைன் வேலைக்குப் போயிருக்கா. பேக்கரியில மறுபடி சேந்துட்டா, பிப்ரவரியிலயே. பிள்ளையை, நேலேயை யாரு பாத்துக்கறதுன்னு... ஏதோ ஓடுதுண்ணே. சர்க்கரை போடட்டுமா?

உங்க ஆராய்ச்சிக்குப் பால்பொடியோட கலக்கற பொடி எதுலேர்ந்து வருதுன்னு தெரியுமா? சிக்கரி வேர். சிரிக்காதீங்க. வருஷா வருஷம் நான் லாரியில ஏத்திக்கிட்டுப் போறது அந்த வேரைத்தான். அறுப்பு தொடங்குனா கிறிஸ்துமஸ் வரைக்கும் இதே பொழப்பு. நம்ம பக்கத்து வயல்ல ஏத்தினா பெல்ஜியத்து ஆலையில போய்க் கொட்டணும். பாதி வேரு, பாதி சேறு. போர்க் காலத்துல காப்பிக்கொட்டை கிடைக்காம இதை வறுத்துக் குடிச்சாங்கன்னு பெருசுங்க சொல்லுமே, அதேதான். இப்போ அதைக் கழுவி, சீவி, சாறெடுத்து, வெள்ளைப் பொடியாக்கிக் கைக்குழந்தைக்குக் குடுக்கறாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, குழந்தைக்கு அது செரிக்கவே செரிக்காது. செரிக்காம அப்படியே குடலோட அடிப்பக்கம் போய், அங்க இருக்கற நல்ல கிருமிங்களுக்குத் தீனியாகுது. அதுங்க நல்லாத் தின்னு பெருகிட்டா, வயித்தைக் கலக்குற வைரஸ் வந்தாலும் ரொம்ப ஆட்டம் போடாதுன்னு ஒரு நம்பிக்கை. நம்பிக்கைதான். அது நிஜமான்னு பாக்கத்தானே இந்த ஆராய்ச்சியே.

தாய்ப்பால்ல இது மாதிரி சர்க்கரை தானாவே இருக்காம். வில்லமைனுக்குப் பால் வத்திப்போச்சு. நேலே ஏழு வாரம் முந்திப் பொறந்தவ, உறிஞ்சறதுக்குத் தெம்பு ஏது அவளுக்கு. அப்பதான் உங்க ஆபீஸ் பொண்ணு வந்து, குறைமாசக் குழந்தைங்களுக்கு இப்படி ஒண்ணு பண்றோம், ஒரு வயசு வரைக்கும் பாப்போம், சேர்றீங்களான்னு கேட்டா. நான் யோசிக்கவே இல்லை. என் வேருதானே. அப்பன் சுமக்கற மூட்டை மகளுக்குச் சோறாகுதுன்னு வில்லமைன் பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிப்பா.

ஆனா பாதிப் பிள்ளைங்க டப்பாவுல அந்த வேர்ப்பொடி உண்டு, மீதிப் பிள்ளைங்களுக்கு வெறும் பால்பொடிதான். எது எதுன்னு எங்களுக்கும் தெரியாது, ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கும் தெரியாதாம். நாக்குல தொட்டுப் பாத்தேன். கரைச்சு ஒரு கிளாஸ் குடிச்சே பாத்தேன். பாலு மாதிரிதான் இருந்தது. உங்களுக்காவது தெரியுமா? நிஜமா? சரி, விடுங்க.

ஜனவரியில வந்தது அந்த வயித்து வைரஸ். மாமியாரோட பிறந்தநாள். நாற்காலியை வட்டமாப் போட்டு, ஆளுக்கு ஒரு துண்டு கேக்கு, உங்க வீட்டுலயும் அப்படித்தானே? உள்ள வர்றவன் பொதுவா ஒரு வணக்கம் சொல்லிட்டு உக்கார முடியுமா. ஒவ்வொருத்தர் முன்னாலயும் போய் நின்னு, கை குடுத்து, உங்க அம்மாவுக்கு வாழ்த்து, உங்க அத்தைக்கு வாழ்த்துன்னு சொல்லி, மூணு முத்தம். ஒருத்தரை விட்டுட்டா அடுத்த பிறந்தநாள் வரைக்கும் அதே பேச்சு. மச்சான் ஹோய்ப் வந்தான். வெளிறிப் போயிருந்தான். காலையில ரெண்டு தடவை வாந்தியாம், இப்ப தேவலையாம், அவனே சிரிச்சுக்கிட்டே சொல்றான். வீட்டுல கிடந்திருக்கலாம். ஆனா பெத்த அம்மா பிறந்தநாளுக்கு வயிறு சரியில்லைன்னு வராம இருந்தவன் இந்த ஊர்ல யாரு? சுத்தி வந்து அத்தனை பேருக்கும் கை குடுத்தான்.

நேலேயும் அந்த வட்டத்துல மடி மடியா மாறிக்கிட்டு இருந்தா. ஹோய்ப் கையை நீட்டினப்ப வில்லமைன் என்னைப் பாத்தா. நான் எந்திரிச்சேன். மாமியார் பாத்துட்டா. உக்காரு மரீனுஸ், தாய்மாமன் தூக்கக்கூடாதா, ரொம்ப அலட்டிக்காதேன்னா. நம்ம ஆளுங்க நடுவுல அதைவிடப் பெரிய திட்டு ஏதுண்ணே. உக்காந்துட்டேன். அவன் பிள்ளையோட ஈறுல விரலை வச்சான், இவ நல்லாச் சப்பினா. எல்லாரும் சிரிச்சோம்.

ரெண்டு நாள் கழிச்சு நேலேக்கு ஆரம்பிச்சது. மேல வாந்தி, கீழ பேதி. டாக்டருக்கு ஃபோன் போட்டா, கரண்டி கரண்டியாத் தண்ணி குடுங்க, நாளைக்கு நிலைமை எப்படின்னு பாப்போம்னு அந்தப் பக்கம் ஒரு அம்மா சொன்னாங்க. தப்புன்னு சொல்ல முடியாது, நிறைமாசப் பிள்ளைங்களுக்கு அது போதுமாம். நாங்களும் அலட்டக்கூடாதுன்னு காத்திருந்தோம். அழறா, கண்ணுல தண்ணி வரல. உச்சிக்குழி உள்ள போயிருச்சு. அப்பவும் நான், உடம்பு சரியில்லாதப்ப எடுக்கற மலச் சாம்பிள்தான் முக்கியம்னு உங்க ஆளுங்க சொல்லியிருந்தாங்களேன்னு, ஒவ்வொரு டயப்பரா விரிச்சு எடுத்து குழாயில அடைச்சேன். வெறும் தண்ணி, கரண்டியில நிக்கவே இல்லை. பேரை ஒட்டி ஃப்ரீசர்ல பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்துல வச்சேன். நீங்கதான் வாசல்ல வாங்கிட்டுப் போனீங்க.

தண்ணிக்கு அடியில போற சுரங்கச் சாலையைத் தாண்டி அந்தக் கரை ஆஸ்பத்திரி. ட்ரிப்ஸ் ஏத்த நரம்பு கிடைக்கலன்னு கால் எலும்புல குத்தினாங்க. பிள்ளை கத்தக்கூட இல்லை. வெள்ளிக்கிழமை நாங்க வீட்டுக்கு வந்தோம். நானும் வில்லமைனும்.

அப்புறம்தான் தேறிட்டாளேன்னா? ஃபோன்ல அப்படித்தான் போட்டிருக்கேன்.

காப்பி ஆறுது, குடிங்க.

அந்த ஆஸ்பத்திரிக்கு உங்க ஆராய்ச்சி எதுவும் தெரியாது. சொல்லணும்னு எங்களுக்கும் தோணல. மண்ணைப் போட்டுட்டு வந்த ஞாயித்துக்கிழமை, ஃபோன் சிணுங்குச்சு. நேலே இந்த வாரம் எப்படி இருக்கான்னு கேட்டுது. பேரைச் சொல்லிக் கேட்டுதுண்ணே. இங்க அவ பேரை யாரும் எடுக்கறதில்லை. வில்லமைன் தொட்டிலைக் குடுத்துட்டா. ஹோய்ப் எங்க தெருவுக்கே வர்றதில்லை. மாமியார் வானிலை பத்தி மட்டும்தான் பேசறா. நல்லா இருக்கான்னு ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினேன். அடுத்த வாரம் எத்தனை மில்லின்னு கேட்டுது. போன வாரத்தைவிட இருபது கூட்டிப் போட்டேன்.

தெரியும்ணே. நீங்க சொல்லவேண்டியதில்லை. எங்க டப்பாவுல பொடி இருந்திருந்தா, பொடி குடிச்ச பிள்ளை பிழைச்சு வந்துதுன்னு உங்க கணக்குல ஒரு வரி ஏறும். அதை நம்பி இன்னொருத்தி அவ பிள்ளைக்குக் கரைச்சுக் குடுப்பா. இல்லாம இருந்திருந்தா, பொடி எதுக்கு, அது இல்லாமலே பிழைக்குதேன்னு ஆகும். எப்படிப் போனாலும் எவ பிள்ளைக்கோ கேடு. படுத்தா அதுதான் ஓடுது. வில்லமைனுக்கு இது தெரியாது. நீங்களும் சொல்லாதீங்க.

ஜூன் மாசம் ஒரு வயசோட அவங்களே முடிச்சுடுவாங்க. அதுவரைக்கும்தான் கேக்கறேன். வியாழக்கிழமை வீட்டுல ஆள் இல்லைன்னு சொல்லிடுங்க. பொய்யில்லையே அது.

சொல்வீங்களா, மாட்டீங்களா? யோசிங்க, அவசரம் இல்லை. இந்த வாரக் கேள்விக்கு இன்னும் பதில் போடல. தவழறாளான்னு கேட்டிருக்கு. உங்களுக்குப் பேத்தி இருக்கா? அவ எத்தனாவது மாசம் தவழ்ந்தா? இவ குறைமாசப் பிள்ளை, கொஞ்சம் தள்ளித்தான் போடணும்.