ரகுபதியின் ஒழுகும் லாஞ்சு

இரவு பதினொரு மணி இருக்கும். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற ரோடு... ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சவுக்கு. நடுவில் ஒரே ஓர் ஆள் நடந்து போகிறான். கையில் சுத்தியல், மடியில் ஒரு மர ஆப்பு. என் தோஸ்து அலி அக்பரின் மச்சான், மஜீது. அவனுக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். சிரிக்கிறவன் இப்போதே எழுந்து வீட்டுக்குப் போகலாம்... தனியாக.

மஜீது லாஞ்சு டிரைவர், மோட்டார் படகு ஓட்டுகிறவன். முதலாளி ரகுபதி. அந்த ஆளைப் பற்றி மரியாதையாகச் சொல்ல எனக்கு வாய் வராது. யுத்தம் முடிந்ததும் பட்டாளம் கழித்துக்கட்டிய லாஞ்சு ஒன்றை ஏலத்தில் எடுத்து, பச்சைப் பெயின்ட் அடித்து, கப்பல் கம்பெனி துரை மாதிரி திரிந்தவன். அதன் அடிப்பலகையைத் துளைத்துக்கொண்டு ஒரு பித்தளை வால்வு. இஞ்சினைக் குளிரவைக்கும் கடல் தண்ணீர் அதன் வழியாகத்தான் உள்ளே வரும். அந்த மாதிரி வால்வு செய்வதையே நிறுத்திவிட்டார்கள். மூர் மார்க்கெட் முழுக்கத் தேடியும் அந்த மரைக்குப் பொருந்துகிற சாமான் கிடைக்கவில்லை. உப்பு அரித்து, பித்தளை சிவந்துபோய், தொட்டால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. சுற்றிலும் ஒழுக்கு.

"கரையேத்தி, பழச புடுங்கிட்டு ஓட்டைய பலக வெச்சி அடைக்கணும் மொதலாளி. அப்பால புச்சா வேற வால்வு போடலாம்" என்றான் மஜீது.

ரகுபதி பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து வீசினான். "இத்த சுத்திவுடு. காலைல செல்வநாதன் வந்து வாங்கிகினு பூட்டான்னா, அப்பால அவன் பாடு."

செல்வநாதன் அதை வாங்குவதே, எண்ணூர் கழிமுகத்திலிருந்து காட்டுப்பள்ளிப் பக்கம் உப்பளத்துப் பெண்களை ஏற்றிப்போகத்தான்.

"பொம்பளைங்க ஏறுவாங்க மொதலாளி. நடுத் தண்ணில வால்வு உட்டுக்கும்."

"தண்ணியாண்ட பொறந்ததுங்கதான. நீஞ்சிகினு போவட்டும்."

மஜீது அப்போதே வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டான். ஆனால் படுத்தால் தூக்கம் இல்லை. ரகுபதி காவலுக்கு லாஞ்சிலேயே படுத்திருந்தான். வால்வு விட்டுக்கொண்டால், அந்தத் தடியனுக்கு ஓர் ஆப்பு அடிக்கக்கூடத் துப்பில்லை. அதற்காகத்தான் மஜீது நடந்தான். நானாக இருந்தால் போயிருக்க மாட்டேன்.

கழிமுகத்தில் காற்றே இல்லை. சேற்று நாற்றம், தார் நாற்றம். கரையில் கிடந்த சின்னத் தோணியைத் தள்ளிக்கொண்டு லாஞ்சை நெருங்கினான். உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம்... மெதுவாக.

இஞ்சின் அறையில் ரகுபதி குந்தியிருந்தான். பக்கத்தில் அரிக்கேன் விளக்கு. அவன் கையில் வால்வு, இரண்டு துண்டாக.

"முடுக்கினேன், கையோட வந்துட்ச்சிடா. பாரு, ஒரு சொட்டு தண்ணி வரல."

மஜீது குனிந்து பார்த்தான். ரூபாய்க்காசு அகலத்துக்கு ஓட்டை. அதற்குக் கீழே கழிமுகத்துத் தண்ணீர், ஓர் ஆள் ஆழத்துக்கு. ஆனால் ஓட்டை காய்ந்திருந்தது. விளக்கைக் கிட்டே கொண்டுபோனான்.

ஓட்டைக்கு அந்தப் பக்கம் தோல் தெரிந்தது. வெளுத்து, ஊறி, சுருங்கிய தோல்... குறுக்கே ரேகை. யாரோ வெளியிலிருந்து உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

மஜீது அவன் தோளைத் தொட்டான். "மொதலாளி... எழுந்து வா. பூடலாம்."

"எவனா இருந்தா இன்னாடா? கூலி கேக்காத ஆளு. காலைல வரிக்கும் புடிச்சிகினு கெடக்கட்டும்."

பேயைக்கூட ஓசி வேலைக்காரனாகப் பார்த்த ஜென்மம் அது. அதோடு விட்டானா? வாயிலிருந்த சிகரெட்டை எடுத்து, நெருப்பு நுனியை அந்த ஓட்டைக்குள் வைத்து அழுத்தினான். சுர்ரென்று ஒரு சத்தம்... கருகின நாற்றம்.

அந்தக் கை விலகிக்கொண்டது. அவசரமே இல்லாமல்.

தண்ணீர் பீய்ச்சி அடித்தது. விளக்கு உருண்டு அணைந்தது. ரகுபதி அலறிக்கொண்டு தன் வலது கையை ஓட்டைமேல் வைத்து அழுத்தினான். தண்ணீர் நின்றது. மஜீது இருட்டில் தடவி, மடியிலிருந்த ஆப்பை எடுத்தான்.

"கைய எடு மொதலாளி, அட்ச்சிடறேன்."

ரகுபதியின் குரல் வந்தது, சின்னப் பிள்ளை குரல் மாதிரி. "வரலடா மஜீது... கை வரல."

மஜீது அவன் தோளைப் பிடித்து இழுத்தான். இடுப்பைக் கட்டி இழுத்தான். அசையவில்லை. கடைசியில் தோணியில் ஏறிக் கரைக்குப் போய், மீன்பிடிக்கிற குமாரவேலையும் அவன் அண்ணனையும் எழுப்பிக் கூட்டி வந்தான். திரும்பி வரும்போது கிழக்கே வெளுத்துவிட்டது.

ரகுபதி அதே இடத்தில், அதே மாதிரி குந்தியிருந்தான். கண் திறந்திருந்தது. மூவரும் தொட்ட உடனே கை தானாக வந்துவிட்டது. மஜீது ஆப்பை வைத்து ஒரே போடு போட்டான்.

செல்வநாதன் வந்தான், ரகுபதியின் முகத்தைப் பார்த்தான், வாங்காமல் திரும்பிப் போய்விட்டான். லாஞ்சு அங்கேயே சேற்றில் உட்கார்ந்து மட்கியது. உப்பளத்துப் பெண்கள் பழையபடி தோணியில் போய் வந்தார்கள். ரகுபதி இன்னும் இருக்கிறான், ராயபுரத்தில், இடது கையால் சாப்பிட்டுக்கொண்டு. பாவம் என்பார்கள் சிலர். நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் மஜீது அன்று காலை வெளிச்சத்தில் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறான். ஓட்டைமேல் இருந்த உள்ளங்கையில் ஒரு கீறல்கூட இல்லை. தடம் புறங்கையில் இருந்தது. நான்கு விரல்கள்... கன்றிப்போய், ஆழமாக.

கீழே தண்ணீரிலிருந்து யாரும் அவன் கையை இழுக்கவில்லை. லாஞ்சுக்குள்ளே, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அது மேலிருந்து அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது.