செத்தவன் பெற்ற பிள்ளை

பல் துலக்கும் பிரஷ்ஷை அடிக்கடி மாற்ற வேண்டும் என்பார்கள். யாரும் மாற்றுவதில்லை. ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் பெண்களுக்கு நான் சூப்பர்வைசராக இருந்தவள். கோட்டும் டையுமாக நடமாடுகிறவர்களின் பிரஷ்கூட நார் பிய்ந்து தலைவிரி கோலமாகத்தான் கிடக்கும். மேல்வீட்டு மெக்கானிக்கின் பிரஷ்ஷும் அப்படித்தான் இருந்தது. பச்சை நிறம்.

இரண்டு ரிப்போர்ட்டையும் மேசைமேல் வைத்துவிட்டு, "ஒரு குழந்தைக்கு எப்படிம்மா ரெண்டு அப்பா?" என்று கேட்டீர்கள். மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. ஆதியிலிருந்து சொல்கிறேன்.

என் ஒரே மகன் பைக்கில் போனவன் திரும்பவில்லை. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அவனுடைய துணிமணி, செருப்பு, மூக்குக்கண்ணாடி எல்லாம் வீட்டில் இருந்தன. அவனுடையது என்று சொல்ல உயிரோடு ஒன்றும் இல்லை. அதுதான் என்னைத் தின்றது.

என் மகன் இருந்தபோதே மேல்வீட்டுக்குக் குடிவந்தவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை, குட்டி என்று கூப்பிடுவோம். இருவரும் வேலைக்குக் கிளம்பும்போது குட்டியையும் வீட்டுச் சாவியையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். குட்டி மதியத்தில் என் மகனுடைய கட்டிலில் தூங்குவாள். அப்போது அந்த அறையில் இரண்டு பேர் மூச்சுவிடுவது எனக்குக் கேட்கும். பயமாக இருக்காது. கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்தச் சமயத்தில் மெக்கானிக்குக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது. "அடுத்த மாசம் காலி பண்றோம்மா" என்று வாசலில் நின்றபடி சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். அவர்மேல் தப்பில்லை. ஆனால், நீங்க என்ன பண்ணுவீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பிறகு ஒருநாள் குட்டி நடப்பதைப் பார்த்து, "அப்படியே என் பையன் நடை" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு நாள் அவர் வரும் நேரம் பார்த்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லப்பா. தெருவுல வாய்க்கு வந்தபடி பேசுறாங்க. செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்லவா முடியும்?"

தெருவில் யாரும் எதுவும் பேசவில்லை. மெக்கானிக் நல்ல மனுஷர். நல்ல மனுஷருக்குச் சந்தேகம் வந்தால் தூக்கம் போய்விடும். மேலே அவர் இங்குமங்கும் நடப்பது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"நானே டிஎன்ஏ டெஸ்ட் குடுத்துடறேன்" என்றுதான் அவர் முதலில் சொன்னார். நான் தடுத்தேன். "நீங்க குடுத்தா பெண்டாட்டியை நம்பலைன்னு ஆயிடும். அந்தப் பொண்ணு தாங்க மாட்டா. என் பையனோட பிரஷ் வெச்ச இடத்துலயே இருக்கு, அதை அனுப்புவோம். அவன் இல்லைன்னு வந்துட்டா அவனுக்கும் நல்ல பேரு, உங்களுக்கும் நிம்மதி. அவளுக்குத் தெரியவே வேண்டாம்." மெக்கானிக் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

லேப்பில் ஒரு பெண் போனில் பொறுமையாக விளக்கினாள். குழந்தையின் டிஎன்ஏவில் பாதி அம்மாவிடமிருந்து வந்தது, பாதி அப்பாவிடமிருந்து. குழந்தையின் கன்னத்து உள்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினால் போதும். ஆள் உயிரோடு இல்லாவிட்டால் அவர் பல் துலக்கிய பிரஷ்ஷில் இருந்தும் எடுத்துப் பார்க்கலாம். பிளாஸ்டிக்கில் போட்டால் ஈரத்தில் கெட்டுவிடும், காகித உறையில் போடுங்கள் என்றாள். "ரெண்டும் ஒத்துப்போகுதான்னு மட்டும்தான் நாங்க சொல்லுவோம் மேடம். அது யாரோட பிரஷ்ங்கிறது நீங்க எழுதி அனுப்புறதுதான்."

மேலே போய்ப் பச்சை பிரஷ்ஷை எடுத்தேன். அதே போலப் புதிது ஒன்று வாங்கி, நாரைத் தரையில் தேய்த்துப் பழசாக்கி அந்த இடத்தில் வைத்தேன். அடுத்தவர் அறைக்குள் போய்வந்த தடம் தெரியாமல் வருவதுதான் நான் காலமெல்லாம் பார்த்த வேலை. உறைமேல் என் மகன் பெயரை எழுதினேன். பாதிப் பெயரில் பேனா நின்றது, யாரோ மணிக்கட்டைப் பிடித்த மாதிரி. கையை உதறிக்கொண்டு மீதியை எழுதினேன்.

என் மகன்தான் அப்பா என்று வந்த ரிப்போர்ட்டை மெக்கானிக் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தார். கத்தவில்லை, கை ஓங்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு புது ஊருக்குத் தனியாகப் போய்விட்டார்.

அவர் மனைவி அந்த ரிப்போர்ட்டோடு கீழே ஓடிவந்தாள். "உங்க பையன் எனக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரிம்மா. நீங்களாவது நம்புங்கம்மா."

"நான் நம்பறேன் கண்ணு. ஆனா டெஸ்ட் பொய் சொல்லுமா?" என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

பிறந்த வீடும் கதவைச் சாத்தியது. குட்டியோடு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் ஒரு குறையும் வைக்கவில்லை. வேளாவேளைக்குச் சோறு, குட்டிக்குப் பால், என் மகனுடைய கட்டில். அவளையே கேட்டுப்பாருங்கள்.

ஆனால் அவளுக்கு ஒன்று பிடிபடவில்லை. துணி மடித்துக்கொண்டே இருப்பவள் கை அப்படியே நின்றுவிடும். ஒருநாள் கேட்டாள். "அம்மா, கல்யாணமான புதுசுல, குட்டி உண்டான சமயம், அவர் வெளியூர் போனப்போ எனக்குக் காய்ச்சல் வந்து நினைவில்லாம கெடந்தேனே. உங்க பையன்தானே மருந்து வாங்கிட்டு வந்தது?"

"ஆமா."

"அப்ப நீங்க என்கூட இருந்தீங்களாம்மா?"

இருந்தேன். அன்று முழுக்க அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என் மகன் மருந்தை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனான். நிலைப்படியைத் தாண்டி உள்ளே கால் வைக்கவில்லை.

"ஞாபகம் இல்லையேம்மா" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். மற்றதை அவளே சேர்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு என் மகன் கனவில் எனக்கு முகம் காட்டுவதில்லை. வருகிறான். சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. கோபம் என்று நான் நினைக்கவில்லை. களைப்பாக இருக்கும்.

மெக்கானிக் விவாகரத்து கேட்டபோது கோர்ட் அவரையும் டெஸ்ட் கொடுக்கச் சொன்னது. அவரும் அப்பா என்று வந்தது. இரண்டு ரிப்போர்ட்டிலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று லேப்காரர்கள் உங்களிடம் சொன்னார்கள். நேற்று அவளை இதே நாற்காலியில் உட்காரவைத்து, "உன் புருஷன்தாம்மா அப்பா. நீ எந்தத் தப்பும் பண்ணலை" என்றீர்கள். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தீர்கள். வெளியே பெஞ்சில் இருந்த எனக்கும் அவள் பதில் கேட்டது.

"இல்லை சார். செத்துப்போனவர்தான். எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. அன்னிக்கு அவர் நீலச் சட்டை போட்டிருந்தார்."

கூட வந்திருந்த மெக்கானிக் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதது கதவு வழியாகத் தெரிந்தது. அவள் யாரோ வழிப்போக்கனைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள்.

பிரஷ்ஷை மாற்றியது நான்தான். காய்ச்சலன்று அவன் உள்ளே வரவில்லை என்று தெரிந்தே வாயை மூடிக்கொண்டதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள்.

என் மகனிடம் நீலச் சட்டை கிடையாது, ஐயா. அவன் சட்டை அத்தனையும் நான் துவைத்தவை. இருந்தாலும் நேற்று வீட்டுக்குப் போனதும் அவன் அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். இல்லை. ஆனால் அந்தப் பெண் அவ்வளவு தெளிவாகச் சொல்கிறாளே. பெற்றவளுக்குத் தெரியாமல் அவன் ஒரு சட்டை வாங்கியிருக்கக் கூடாதா என்ன?