கருநீலத் துண்டில் வெளுப்பு

— இது எல்லாத்தையும் ஒரே முகத்துலயா போட்டீங்க, அக்கா?

— இருக்கிறது ஒரு முகம்தானே பாப்பா. காலையில இந்த ஃபேஸ்வாஷ், அதுக்கு மேல இந்த கிரீம், ராத்திரி இந்தச் சொட்டு மருந்து. நாப்பத்திரெண்டு வயசுல பரு வந்தா நான் என்னதான் பண்ணட்டும், சொல்லு. என் பொண்ணுக்கே நின்னு போச்சு.

— பெட்டிக்குப் பின்னாடி எழுதியிருக்கிறதைப் படிச்சீங்களா?

— பின்னாடி எல்லாம் பொடி எழுத்து. முன்னாடி சிரிக்கிற பொண்ணைப் பாத்துத்தான் வாங்கினேன். மருந்துக் கடையில இருக்கிற உன்னை அப்பவே கேட்டிருக்கணும்.

— சரி, இப்படி வெளிச்சத்துக்கு வாங்க. வலது கன்னம் நல்லாவே உரிஞ்சிருக்கு. எரியுதா?

— தண்ணி பட்டா எரியுது. இன்னிக்கு வயிறுதான் அதைவிட எரியுது.

— ஏங்க்கா?

— லாட்ஜ் சலவை ரூம்ல நான் சூப்பர்வைசர்னு உனக்குத் தெரியுமில்ல? மிஷின் போடற பொண்ணு ஒருத்தி, ஆறு வருஷமா என்கூட இருக்கா. புதுக் கருநீலத் துண்டெல்லாம் ஓரத்துல உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துப் போகுது. பிளீச்சிங்கைச் சிந்தியிருக்கா. கேட்டா, தொடவே இல்லக்கான்னு அழறா. மானேஜர் ஒரு தாள் குடுத்திருக்காரு. துணியைக் கெடுத்தவர் யாருன்னு ஒரு கட்டம். அதுல அவ பேரை எழுதி அஞ்சு மணிக்குள்ள குடுத்துட்டா, நாளையிலேர்ந்து அவளுக்கு வேலை இல்ல.

— எழுதிட்டீங்களா?

— பையிலதான் இருக்கு. கை வரல. சிந்திடுச்சுக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே மூடி மறைச்சிருப்பேன். பொய் சொல்றாளேன்னுதான் மனசு ஆற மாட்டேங்குது. ரெண்டு சின்னப் பிள்ளைங்க வேற. விடு, நீ மருந்தைச் சொல்லு.

— ஃபேஸ்வாஷ்ல இருக்கிறது சாலிசிலிக் ஆசிட். மூக்கு மேல கருப்பு கருப்பா அடைச்சிருக்கே, அதுக்கு ஆகும். கிரீம்ல பென்சாயில் பெராக்சைடு. உங்க கன்னத்துல இருக்கிற மாதிரி சிவந்து சீழ் வெக்கிற பருவுக்கு.

— அப்ப சரியாத்தான் வாங்கியிருக்கேன்.

— மருந்து சரி, அளவுதான் தப்பு. இது பத்து சதவீதம். ரெண்டரையே போதும். பத்துன்னா பரு வேகமாப் போகாது, தோல்தான் வேகமா உரியும். சொட்டு மருந்துலயும் ஆசிட். மூணும் சேந்து புண்ணாக்கி வெச்சிருக்கு.

— என் தலையெழுத்து.

— ஒரு வாரம் இது எதுவும் வேணாம். உறுத்தாத சோப்பு, ஈரப்பசைக்கு ஒரு கிரீம், அவ்ளோதான். அப்புறம் ரெண்டரையை மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள், ராத்திரி, மெல்லிசா. ரெண்டு மாசம் பொறுக்கணும். அப்பவும் கேக்கலைன்னா தோல் டாக்டர்கிட்ட போயிடணும். ஆங், வெள்ளைத் தலையணை உறையா போட்டுக்குங்க. கலர்த் துணியில பட்டா சாயம் போயிடும்.

— எது பட்டா?

— இந்த கிரீம்தான். பென்சாயில் பெராக்சைடு.

— காய்ஞ்சப்புறமுமா?

— முகத்துல இருக்கிற வரைக்கும். ஏங்க்கா, லாட்ஜ் துண்டுல முகம் துடைப்பீங்களா?

— சேச்சே. விருந்தாளிக்குக் குடுக்கிற துண்டு அது. நான் துடைக்கிறதே இல்ல.

— அப்ப உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

— துடைக்கிறதில்ல பாப்பா. ஆனா துண்டு காய்ஞ்சு வந்ததும் ஒவ்வொண்ணா ஓரத்தைப் பிடிச்சுக் கன்னத்துல அழுத்திப் பாப்பேன். சொரசொரன்னு இருந்தா திருப்பி அனுப்பிடுவேன். கையைவிடக் கன்னத்துக்குத்தான் தெரியும். பதினஞ்சு வருஷமா அப்படித்தான் பண்றேன்.

— எந்தக் கன்னம்?

— இந்தா, இந்த உரிஞ்ச கன்னம்.

— கிரீம் எப்பலேர்ந்து போடறீங்க?

— மூணு மாசமா.

— துண்டு எப்பலேர்ந்து வெளுக்குது?

— மணி என்ன ஆச்சு?

— நாலே கால். அக்கா, உக்காருங்க. முகமே மாறிடுச்சு.

— உக்கார நேரமில்ல. அந்த கிரீம் பெட்டியைக் குடு, மானேஜர்கிட்ட காட்டணும். அவளைப் பொய்க்காரின்னு சொல்லிட்டேனே, எல்லார் முன்னாடியும்.

— உங்க வேலைக்கு ஏதாவது ஆயிடப் போகுதுக்கா.

— ஆகட்டும். பேனா இருக்கா உன்கிட்ட?

— இருக்கு. எதுக்கு?

— அந்தக் கட்டத்துல என் பேரை எழுதணும்.