படகுக் குழாய் போட்ட கார்

ஹெல்மட் இல்லதான் சேர். இரிக்கிதெண்டு நான் சொன்னனா? செருப்பும் ஒண்டுதான் இரிக்கிது, பாருங்க. மத்தது நுரைச்சோலையில உழுந்துட்டு. பைக்க நிப்பாட்டி எடுக்க நேரமில்ல. லைசனா? அது கறாஜுல, சேட்டுப் பையில, ஆணியில தொங்குது. தண்டம் எழுதுங்க. ரெண்டா எழுதுங்க. அதுக்கு முந்தி அந்த வயர்லெஸ எடுத்து குருணாகல் பக்கம் ஒரு கதை சொல்லுங்க சேர். வெள்ளக் கார். நம்பர் அறுபத்தஞ்சு, நாப்பத்தொண்டு பன்னண்டு. உள்ளுக்கு அஞ்சு பேர். எங்க கண்டாலும் மறிக்கச் சொல்லுங்க.

சீ, களவுக் காரில்ல. ஸலாஹுதீன் நானாட கார், எனக்கு அண்ணன் மாதிரி மனிசன். கல்பிட்டியில கருவாட்டுக் கடை. ஓட்டுறதும் அவருதான். குடிக்கிறதா? நல்ல கேள்வி. சோடா குடிச்சாலே ஸலவாத்துச் சொல்ற மனிசன் சேர் அவரு. பிழை அவருல இல்ல. என்னில.

நான் நஜாத். ஜெட்டிக்குப் போற பாதையில சின்னக் கறாஜ் ஒண்டு. படகு எஞ்சினும் பாப்பன், காரும் பாப்பன். இந்தக் காருட ஸ்டியரிங்குக்கு எண்ணெ போற குழாய் ரெண்டு இரிக்கிது சேர். போறது ஒண்டு, திரும்பி வாறது ஒண்டு. திரும்பி வாறது சாதுவான குழாய், என்னெப் போல. எதப் போட்டாலும் தாங்கும். போறது என்ட பொஞ்சாதியப் போல. உள்ளுக்க அப்பிடி ஒரு தள்ளு. வியாழக்கிழமை அந்தப் போற குழாய்தான் வெடிச்சு ஒழுகிச்சு. புதுசு எண்டா சிலாபத்துக்கு அனுப்பி, மிஷின்ல அமத்தி எடுக்கணும். ரெண்டு நாள் போகும். ஸலாஹுதீன் நானா விட்டாத்தானே. ஜும்ஆவுக்குப் போகணுமாம், கார் இல்லாமப் போனா ஆக்கள் என்ன நெனப்பாங்களாம். நான் பாத்தன். படகு எஞ்சினுக்குப் பெற்றோல் போற குழாய் சுருளாக் கெடந்திச்சு. அதுல ஒரு முழம் வெட்டி, ரெண்டு பக்கமும் கிளிப்பப் போட்டு இறுக்கிக் குடுத்திட்டன்.

தாங்காது சேர். எனக்குத் தெரியாதா? கடல் பக்கத்து ஆக்கள் அப்பிடித்தான், எது ஒடைஞ்சாலும் படகுச் சாமானாலதான் கட்டுவம். கிணத்து மோட்டர், கோழிக்கூடு, கட்டில் கால், எல்லாம். பள்ளிக்குப் போய் வரத் தாங்கும் எண்டு நெனச்சுத்தான் போட்டன்.

அத அப்பிடியே சொல்லியிருந்தா முடிஞ்சிரிக்கும். இது எவ்வளவு தூரம் போகும் நஜாத் எண்டு கேட்டாரு. எனக்கு இந்த வாய் சும்மா இரிக்காது சேர். கொழும்புல சாமான் விக்கிற கடைக்காரன் மூக்கால கதைப்பானே, அந்தக் குரல எடுத்து, இந்தக் குழாயோட மக்காவுக்கே போகலாம் சேர், ஸம்ஸம் தண்ணி அள்ளிட்டு வரலாம் சேர் எண்டன். ரெண்டு பேரும் நல்லாச் சிரிச்சம். சிரிச்சிட்டே ஏறிப் போய்ட்டாரு. பொறகு சொல்லுவம் எண்டு இரிந்தன். நேத்து ஜும்ஆவுல கண்டன். சொல்லல்ல.

இண்டைக்குக் கண்டிக்குப் போறாங்க. அவருட மகன் கட்டார்ல இரிக்கிறான், அவனுக்குப் பொண்ணு பாக்க. வேன்லதான் போறதாக் கதை. வேன்காரன் வரல்லயாம். நான் சுபஹுத் தொழுதிட்டு வந்து படுத்து, எழும்பி வெளிய வந்து பாக்கிறன், அவங்கட வாசல்ல கார் இல்ல. கார் நிண்ட எடத்துல மணல் சிவந்து போய்க் கெடக்கிது. ஒரு சிரட்டை எண்ணெ வரும் சேர். தொட்டு மணந்து பாத்தன். ஸ்டியரிங் எண்ணெதான்.

இங்க ஒண்டும் நடக்காது. குருணாகல் வரைக்கும் நேர்ப் பாதைதானே. மலை ஏறி வளைக்கக்கொள்ளதான் அந்தக் குழாய்க்கு முழுத் தள்ளும் வரும். ஒரு வளைவுல கிளிப் கழண்டிச்செண்டா ஸ்டியரிங் கல்லு மாதிரி இறுகிரும். நானாக்கு அறுபத்தொம்பது வயசு, கை ரெண்டும் முருங்கக்காய். அந்த எண்ணெ சுடுற சைலன்சர்ல உழுந்தா நெருப்பு.

சிரிக்கிறனா? இல்ல சேர். என்ட மூஞ்சி இப்பிடித்தான். பயந்தாலும் இப்பிடித்தான் இரிக்கும்.

போன் எடுக்காம வருவனா? அவருக்கு மட்டும் ஏழு தரம் எடுத்தன். ஒரே ஒரு தரம் தூக்கினாரு. நானா, அல்லாவுக்காகக் கார நிப்பாட்டுங்க, குழாய் தாங்காது எண்டன். இண்டைக்கு இது யார்ட குரல்டா நஜாத், புதுசா இரிக்கிதே எண்டு கேட்டு வெச்சிட்டாரு.

அதயும் சொல்றன். ஊருல எல்லார்ட குரலும் எனக்கு வரும் சேர். கரண்ட் வெட்ட வாற மனிசன், டிஸ்பென்சறி மிஸ்ஸி, எல்லாம். போன நோன்புக்கு நானாக்குப் போன் போட்டு, தொண்டயக் கட்டிக்கிட்டு, நாங்க பொலிஸுல இரிந்து கதைக்கிறம், உங்கட ஆட்டப் புடிச்சு அடைச்சிரிக்கிறம், சாரனோட வராம களிசானோட வந்து கூட்டிட்டுப் போங்க எண்டன். மனிசன் களிசானப் போட்டுக்கிட்டு, கையில கயிறோட ஸ்டேசனுக்குப் போய் நிண்டிரிக்கிறாரு. ஆ? நீங்க அப்ப கல்பிட்டியிலயா டியூட்டி? ஓம், அந்தக் கயிறோட வந்த மனிசன்தான் அவரு. மன்னிச்சிக்கிடுங்க சேர்.

அப்ப நீங்களே எடுத்துச் சொல்லுங்க. உங்கட போனால. உங்கட குரல் எனக்கு வராது, அது நெஞ்சுக்குள்ள இரிந்து வருது. இந்தா நம்பர். ஸ்பீக்கர்ல போடுங்க.

கேட்டிச்சு சேர். எனக்கும் கேட்டிச்சு. இந்தப் பொலிஸ் குரல் அண்டைக்க விட நல்லா இரிக்கிதுடா நஜாத், ஆட்டுக்குத் தண்ணி வெச்சியா எண்டு. பின்னால எல்லாரும் சிரிக்கிறாங்க. கோவப்படாதீங்க சேர், அவரு உங்களச் சொல்லல்ல. எங்க இரிக்கிறாங்க எண்டாவது கேக்க உடல்லயே. ஹோன் சத்தம் கேட்டிச்சு, பஸ் ஹோன். டவுன் ஒண்டாத்தான் இரிக்கும். ஆனமடுவயா இரிந்தாப் பரவால்ல, மலைக்கு இன்னம் தூரம் கெடக்கிது.

ஓம், எடுங்க, வயர்லெஸ எடுங்க. அறுபத்தஞ்சு, நாப்பத்தொண்டு பன்னண்டு. கூரைக்கு மேல, கரியல்ல ஒரு வாழக்குலை கட்டியிரிக்கும், பொண்ணு வீட்டுக்கு. ஆக்களா? நானா, அவருட பொஞ்சாதி, தங்கச்சி, மகள். ஓம் சேர், அஞ்செண்டுதான் மொதல் சொன்னன். அஞ்சுதான். அஞ்சாவது, மகள்ட கூட்டாளிப் புள்ள ஒண்டு. பின் சீட்டுல, யன்னல் பக்கம். றுஷ்னா எண்டு பேரு, பத்தொம்பது வயசு. கண்டி பாத்ததில்லண்டு போறாள்.

அவள்ட்டப் போன் இரிக்கிது. என்ட குரலும் தெரியும். தொட்டில்ல இரிந்து கேக்கிற குரல்தானே. நானாக்கு எடுக்க முந்தி அவளுக்குத்தான் எடுத்தன் சேர். கத்தினன், அழுதும் போட்டன். வாப்பா, உங்களுக்கு அழுற குரல் மட்டும் இன்னம் சரியா வரல்ல எண்டு சொல்லிட்டு வெச்சிட்டாள்.