நூற்று அறுபத்து மூன்றாவது தோட்டா

என் பெயர் எல்வுட் பிரேடி. வயது எழுபத்தொன்று. ஒஹாயோ மாநிலம், பிளம் ரிட்ஜ் ஊராட்சி, மில்லர்ஸ் லேன் பதினெட்டாம் எண் வீட்டில் என் மனைவி எடித்துடன் வசிக்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இயற்பியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். இன்று அக்டோபர் இருபது, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு நானாகவே ஷெரிஃப் அலுவலகத்துக்கு வந்தேன். வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையையும், பேசாமல் இருக்கும் உரிமையையும் துணை ஷெரிஃப் டார்லா மிங்க்ஸ் எனக்கு எடுத்துச் சொன்னார். வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் தேவாலயத்தில் ஞாயிறு ஆராதனையின்போது வாசலில் ஆயுதத்துடன் காவல் நிற்கும் ஆறு பேரில் நானும் ஒருவன். இதற்காகப் பத்து ஆண்டுகளாக நாற்பது அளவுத் தோட்டா போடும் கைத்துப்பாக்கி ஒன்றை இடுப்பில் வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலற்றுப் போனது. காலையும் மாலையும் அவளைத் தூக்கி உட்கார வைப்பதும் படுக்க வைப்பதும் நான்தான். அதில் என் வலது மணிக்கட்டு கெட்டுவிட்டது. நாற்பது அளவுத் தோட்டாவின் உதையை அந்தக் கை தாங்கவில்லை. ஆகவே கோடைக்காலத்தில் அதே துப்பாக்கிக்குப் பொருந்தும், உதை குறைந்த சிறிய தோட்டாவுக்கான ஒன்பது மில்லிமீட்டர் குழல் ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன். வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னால், அப்பாவின் காலணிக்குள் மகனின் கால் பொருந்தும்படி கனமான உள்ளட்டை வைப்பது போன்றது இது. வெளியே அளவு மாறாது, உள்ளேதான் குறுகும். இந்த மாற்றத்தை எங்கும் பதியத் தேவையில்லை. துப்பாக்கியின் மேல்பாகத்தில் 40 என்று பொறித்தது அப்படியே இருக்கும்.

புதுக் குழலுடன் சுட்டபோது முதல் நாற்பது முறை சுடுவதற்குள் மூன்று தடவை தோட்டா உள்ளே மாட்டிக்கொண்டது. தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பழைய மேகசின்களையே போட்டிருந்ததுதான் காரணம். சிறிய தோட்டாவுக்கென்று செய்த மேகசின்களை வாங்கிய பிறகு சரியாயிற்று. எங்கள் காவல் குழுவில் ஒரு விதி உண்டு. எந்தத் துப்பாக்கியில் எதை மாற்றினாலும், இருநூறு தோட்டா ஒரு தடங்கலும் இல்லாமல் சுட்ட பிறகே அதைத் தேவாலயத்துக்குள் கொண்டுவரலாம். நூற்றுத் தொண்ணூற்றொன்பதாவதில் மாட்டினாலும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். இந்த விதியைக் கொண்டுவந்தவன் நான். இதற்காக ஒரு நோட்டு வைத்து, ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு கட்டம் போட்டு, சரியாக வெடித்து அடுத்தது ஏறினால் டிக் போட்டு வந்தேன்.

அக்டோபர் பதினான்கு, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என் களஞ்சியத்துக்குப் பின்னால் உள்ள மேய்ச்சல் நிலத்தில் எண்ணத் தொடங்கினேன். அங்கே குண்டுகளைத் தடுக்க நானே கொட்டிய ஏழடி மண்மேடு இருக்கிறது. மேட்டுக்குப் பின்னால் மரவரிசை. அதற்கும் பின்னால் ஐந்நூறு கெஜம் தள்ளி லோர்னா டெட்வைலர் என்ற அம்மாவின் வீடு. நூற்றைம்பது வரை வலது கையால் சுட்டேன். அதன் பிறகு, கை சோர்ந்த நிலையிலும் துப்பாக்கி வேலை செய்கிறதா என்று பார்க்க, இடது கையில் தளர்வாகப் பிடித்துச் சுட்டேன். நூற்று அறுபத்திரண்டாவது வெடித்து முனை மேலே எழும்பியபோது என் விரல் விசையிலேயே இருந்ததால், நூற்று அறுபத்து மூன்றாவதும் உடனே வெடித்துவிட்டது. மேட்டில் மண் தெறிக்கவில்லை. அந்தக் குண்டு மேட்டைத் தாண்டிப் போயிற்று என்பது எனக்கு அந்த நொடியே தெரியும். மரம் எதிலாவது பட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலி உறை என் கால் அருகே விழுந்தது, அடுத்த தோட்டா ஒழுங்காக ஏறியது. ஆகவே அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன். அதன் பிறகு இருநூறு வரை சுட்டு முடித்தேன். இருநூறும் சரி.

அதன் பிறகு காலி உறைகளைப் பொறுக்கிக் காப்பித் தகரத்தில் போட்டு, களஞ்சிய அலமாரியில் வைத்தேன். நான் சுட்டது பயிற்சித் தோட்டா; காவலுக்கு இடுப்பில் வைத்துக்கொள்ளும் வகைத் தோட்டா ஒன்பது மில்லிமீட்டரில் என்னிடம் இன்னும் வந்து சேரவில்லை, நாற்பது அளவில்தான் இருந்தது. அதனால் பழைய குழலையே மீண்டும் மாட்டினேன். புதுக் குழலுக்கு எண்ணெய் தடவி, கம்பளிக் காலுறைக்குள் போட்டு, இழுப்பறையில் வைத்தேன். எதையும் மறைப்பதற்காக அப்போது இதைச் செய்யவில்லை.

மாலை நான்கு மணிக்கு, இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கும் டார்லா மிங்க்ஸ் என் வீட்டுக்கு வந்தார். அவர் என் பழைய மாணவி.

"லோர்னாவை யாரோ சுட்டுட்டாங்க சார். துணி காயப் போட்டுட்டு இருந்திருக்காங்க. இடுப்பு எலும்புல குண்டு" என்றார்.

"பொழச்சுக்குவாங்களா?" என்று கேட்டேன்.

"பொழச்சுக்குவாங்க. நடப்பாங்களான்னுதான் டாக்டர் சொல்ல மாட்டேங்கறாரு. எடுத்தது ஒன்பது மில்லி. இந்த ரோட்டுல இருக்கிற எல்லார் துப்பாக்கியையும் பாத்துட்டு வர்றேன்."

நான் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தேன். அவர் பொறித்திருந்ததைப் படித்தார்.

"நாப்பது. நீங்க தப்பிச்சீங்க. அப்பவே உங்ககிட்ட எல்லாம் பழைய மாடல்தானே சார், அந்த பச்ச வேன் உட்பட" என்று சிரித்தார். காலையில் வெடிச் சத்தம் கேட்டதா என்றும் விசாரித்தார். நான்தான் மேட்டில் சுட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். அது உண்மை. எந்தக் குழலால் என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் விடை எழுதிய மாணவர்களுக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்ததே இல்லை.

புதன்கிழமை கோல்பி ரஷ் என்பவரைக் கைது செய்தார்கள். வயது இருபத்தாறு. அவருடைய நாய் லோர்னா அம்மாவின் கோழிகளைப் பிடித்த தகராறில், தீவனக் கடையில் பலர் முன்னிலையில், "ஒரு நாள் இருக்கு உனக்கு" என்று அவர் சொல்லியிருந்தார். அவரிடம் ஒன்பது மில்லிமீட்டர் துப்பாக்கி உண்டு. குண்டை ஒப்பிட்டுப் பார்த்து மாநிலச் சோதனைக்கூடம் பதில் சொல்ல ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அன்று இரவே நான் வந்திருக்க வேண்டும். நான் உள்ளே போனால் எடித்தை யார் தூக்குவார்கள் என்ற ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் விடை கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை வழக்கம்போல உணவகத்துக்குப் போனேன். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். அங்கே பரிமாறும் மார்லீன் ரஷ், கோல்பியின் தாயார். தீவனக் கடைக்காரர் லெஸ்டர் வாக் என் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பய வாய்க்கு என்னிக்காவது மாட்டுவான்னு நெனச்சேன். பத்து வருஷத்துக்குக் கொறையாது பாரு" என்றார்.

"லெஸ்டர், உன் முட்டையில உப்பு போட்டேனா, வேற எதயாவது போட்டேனான்னு எனக்கு ஞாபகமில்ல. பாத்து சாப்பிடு" என்றார் மார்லீன். லெஸ்டர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

அதன் பிறகு மார்லீன் என் கோப்பையில் காப்பி ஊற்றினார். கோப்பை நிறைந்த பிறகும் ஊற்றினார்.

"சார், அவன் உங்க பாடத்துல ரெண்டு தடவ பெயிலானவன். மக்குன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். ஆனா பொம்பளைய ஒளிஞ்சு நின்னு சுடறவனா?"

"இல்ல" என்றேன்.

"அத ஜட்ஜுக்கு ஒரு கடுதாசியா எழுதிக் குடுங்க சார். நீங்க எழுதுனா நம்புவாங்க."

அன்றே எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். கோல்பி பனிக்காலத்தில் கேட்காமலேயே எங்கள் வாசல் பனியை அள்ளிப்போட்டது, எடித்தின் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் அடித்துத் தந்தது, எல்லாவற்றையும் எழுதினேன். அதில் பொய் ஒரு வரியும் இல்லை. வெள்ளிக்கிழமை அதை நீதிமன்றத்தில் படித்தார்கள். ஜாமீன் தொகையை நீதிபதி குறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் என் முறை. மார்லீன் தனியாக வந்தார். வந்தவர் என்னைக் கட்டிக்கொண்டார். அவருடைய கை என் கோட்டுக்குக் கீழே துப்பாக்கியின் மேல் பட்டது. அவர் கையை எடுக்கவில்லை.

"நீங்க இங்க நிக்கிறது எனக்குத் தெம்பா இருக்கு சார்" என்றார்.

நான் கதவைத் திறந்துவிட்டேன். ஆராதனை முடியும்வரை வாசலிலேயே நின்றேன். வேறெங்கும் போக முடியவில்லை.

வீட்டுக்கு வந்து எடித்துக்குச் சூப் ஊட்டினேன். இரண்டாவது கரண்டியில் அவள் வாயை மூடிக்கொண்டாள். பக்கவாதத்துக்குப் பிறகு அவளுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும்.

"அன்னிக்கு ஜன்னல்கிட்ட உக்காந்து எண்ணிட்டிருந்தேன்" என்றாள். "ஒன்னு ஒன்னா சுட்டீங்க. ஒரு தடவ மட்டும் ரெண்டு சேந்து கேட்டுச்சு."

நான் கரண்டியை வைத்துவிட்டேன்.

"அஞ்சு நாளா நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன், எல்வுட்."

"நான் போயிட்டா உன்ன யாரு தூக்குவா?"

"என்னைச் சாக்கா வெக்காதீங்க. டேட்டன்ல என் தங்கச்சி எதுக்கு இருக்கா, வாரா வாரம் போன்ல அழறதுக்கா? அவளக் கூப்பிடுங்க."

அவளுடைய தங்கை இன்று காலை ஏழரை மணிக்கு வந்து சேர்ந்தார். எடித்தை எப்படித் தூக்குவது, எந்தப் பக்கம் தலையணை வைப்பது என்று அவருக்குக் காட்டினேன். அதன் பிறகு இங்கே வந்தேன்.

துப்பாக்கி ஒன்று, குழல் இரண்டு, மேகசின் நான்கு, இருநூறு காலி உறைகள் உள்ள காப்பித் தகரம் ஒன்று, நோட்டு ஒன்று ஆகியவற்றை ஒப்படைத்துள்ளேன். நோட்டில் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் நூற்று அறுபத்து மூன்றாம் கட்டத்தில் உள்ள டிக் நான் போட்டது. நேற்று இரவு அதை அடிக்கப் பேனாவை எடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். அது அப்படியே இருக்க வேண்டும். கோல்பி ரஷ்ஷை இன்றே விடுவிக்கும்படி கேட்கிறேன். லோர்னா அம்மாவிடம் என்ன சொல்வது என்பது எனக்குத் தெரியவில்லை. அவர் அனுமதித்தால் நேரில் போய், அவர் கேட்பதற்கு மட்டுமல்லாமல் கேட்காததற்கும் பதில் சொல்கிறேன்.

இதில் எழுதியிருப்பது முழுவதும் என் வாயால் சொன்னது. துணை ஷெரிஃப் இதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். தன்னைப் பற்றிய இடத்தில் சற்று நிறுத்தி, பிறகு படித்தார். அந்த இடத்தையும் மாற்ற வேண்டாம் என்றேன். எவருடைய மிரட்டலுக்கோ ஆசை வார்த்தைக்கோ இணங்கி இதைச் சொல்லவில்லை. அறிந்து இதில் நான் எதையும் விடவில்லை. வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருப்பதால் இடது கையால் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) எல்வுட் பிரேடி

என் முன்னிலையில்,
(ஒப்பம்) டார்லா மிங்க்ஸ், துணை ஷெரிஃப்
20.10.2025, முற்பகல் 11.40