ஒரே நிறத்தில் ஒரு குளியலறை

குளியலறைக்கு இப்போது ஒரே நிறம்தான் ஓடுகிறது, மேடம். தரை, சுவர், வாஷ்பேசின், கதவு எல்லாம் ஒன்றே. முன்பு பார்டர் வைப்பார்கள், பூப்போட்ட டைல்ஸ் பதிப்பார்கள். இப்போது அதைப் பழசு என்கிறார்கள். பெரிய பெரிய டைல்ஸ், இடைக்கோடு தெரியாத பூச்சு, சட்டம் இல்லாத கண்ணாடித் தடுப்பு, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத வெளிச்சம். நான் செய்தது இவ்வளவுதான் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது பொய் இல்லை. மீதியையும் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். என்னை வளர்த்தது அவள்தான். இரண்டு வருடமாக அவளுக்குக் கண் அழுத்த நோய். பார்வை முழுக்கப் போகவில்லை. கறுப்புச் சுவரில் வெள்ளைப் பொத்தான் இருந்தால் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். வெள்ளைக் கோப்பையில் பால் இருக்கிறதா என்பது மட்டும் விரலை விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

நான் இயற்பியல் படித்தவள். கண் மருத்துவமனையில் பரிசோதனைப் பிரிவில் வேலை. எங்களிடம் ஓர் அட்டை உண்டு. எல்லா எழுத்தும் ஒரே அளவு. முதல் வரி கறுப்பு, அடுத்தது கொஞ்சம் வெளுப்பு, கடைசி வரி கிட்டத்தட்ட அட்டையின் நிறம். அக்கா நான்கு வரி படிப்பாள். ஐந்தாவதில் நின்றுவிடுவாள்.

"அங்க ஒண்ணுமே இல்லையேடி. வெறும் அட்டைய மாட்டி வெச்சு ஏமாத்துறியா?" என்பாள். வரிசையில் உட்கார்ந்திருக்கும் நோயாளிகள் சிரிப்பார்கள்.

இந்த நிலையில் எங்கள் டாக்டரம்மா வேறு ஊரில் கிளை திறந்தார். என்னைப் பொறுப்பாளராகப் போகச் சொன்னார். நான் வீட்டில் சொல்லவில்லை. அவரே அக்காவுக்குப் போன் செய்துவிட்டார்.

"ஊமைக்கோட்டான், எத்தனை நாளா மறைச்சு வெச்சிருந்த?" என்றாள் அக்கா.

"உன்ன யாரு பாத்துப்பா?"

"உனக்கு மூக்கு சிந்தி விட்டவளே நான்தான். என்ன நீ பாத்துக்கிறியாக்கும்? எத்தனை நாளைக்கு என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டு நிப்ப?"

பிறகு ஒரு பந்தயம் கட்டினாள். ஒரு மாதம் நான் அவளுக்கு எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது, கையைப் பிடிக்கக் கூடாது. "எங்கயாவது விழுந்தேன்னா நீ இங்கயே இரு. விழலன்னா பெட்டியக் கட்டு. சரியா?"

சரி என்றேன். அவள் ஜெயிப்பாள் என்று எனக்குத் தெரியும். அந்த வீடு அவளுக்கு மனப்பாடம். அவள் அறையோடு சேர்ந்த குளியலறையில் வெள்ளை டைல்ஸ், நீல வாளி, சிவப்பு மக். குளிக்கும் பகுதி இரண்டு அங்குலம் தாழ்வு. அந்த விளிம்பில் நானே மஞ்சள் டேப் ஒட்டியிருந்தேன். இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அங்கே அவள் கால் தடுக்கவில்லை.

"தனியா இருக்கப் போற. அதுக்கு முன்னாடி உன் பாத்ரூம நல்லா மாத்திக் குடுத்துட்டுப் போறேன். அது முடிஞ்சதும் பந்தயத்த ஆரம்பிப்போம்" என்றேன். அக்கா என் கன்னத்தைத் தடவினாள். குழாய்களில் துரு, பேசினில் விரிசல். மாற்ற வேண்டிய குளியலறைதான். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டைல்ஸ் கடைக்கு அந்த அட்டையை எடுத்துப்போனேன். ஐந்தாவது வரியின் எழுத்தை ஒவ்வொரு டைல்ஸ் மேலும் வைத்துப் பார்த்தேன். தரைக்கும் சுவருக்கும் பேசினுக்கும் இடையில், அந்த எழுத்துக்கும் அட்டைக்கும் இருப்பதைவிட அதிக வித்தியாசம் வரக் கூடாது. கடைக்காரர் என்னை டிசைனர் என்று நினைத்துவிட்டார். "இவ்ளோ நுணுக்கமா யாரும் பாக்க மாட்டாங்கம்மா" என்றார். வெண்சாம்பல் கிடைத்தது. உண்மையிலேயே அழகான நிறம்.

டைல்ஸ் மேஸ்திரிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "இறக்கத்துல ஒரு கறுப்புப் பட்டை போட்டுடலாம்மா. எனக்கே தெரிய மாட்டேங்குது" என்றார்.

"பட்டை போட்டா லுக் போயிடும் அண்ணே."

"அக்காவுக்குக் கண்ணு சரியில்லன்னு சொன்னாங்களே."

"அப்புறம் ஒட்டிக்கலாம்."

அவர் கரணையைக் கழுவியபடி என்னை ஒருமுறை பார்த்தார். உங்களிடம் வந்து சொன்னவர் அவராகத்தான் இருக்கும். நல்ல வேலைக்காரர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

மூன்று வாரம் வேலை நடந்தது. அதுவரை அக்கா என் அறையின் குளியலறையில் குளித்தாள். எதுவும் ஆகவில்லை. புதியது தயாரான அன்று என் குளியலறைக் குழாயின் வாஷரைக் கழற்றிவிட்டேன். தண்ணீர் ஒழுகுகிறது என்று பூட்டி வைத்தேன்.

அக்கா உள்ளே போய் நின்றாள். கையை நீட்டிக் காற்றைத் துழாவினாள். "என்னடி, மேகத்துக்குள்ள புகுந்த மாதிரி இருக்கு. அழகாத்தான் இருக்கு. எது சுவரு, எது தரைன்னு மட்டும் ஒரு சீட்டு எழுதி ஒட்டிடு."

அவள் விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மோதினால் போதும் என்று நினைத்தேன். மோதினாள். முதல் வாரத்தில் முழங்கையில் ஒரு காயம், நெற்றியில் கண்ணாடித் தடுப்பு பட்டு ஒரு நேர்கோடு. ஆனால் அவள் என்னிடம் சொல்லவில்லை. நெற்றியில் முடியை இழுத்து விட்டுக்கொண்டாள். வெயில் காலத்தில் முழுக்கைச் சட்டை போட்டாள். பந்தயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டாள். எனக்காகத்தான் அத்தனையும் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள்.

கண்ணாடியின் விளிம்பு தெரிவதற்காக ஒரு சிவப்புத் துண்டை அதன் மேல் போட்டு வைத்தாள். நான் அதைத் துவைக்க எடுத்துப் போனேன். பதிலுக்கு வெண்சாம்பல் துண்டு. எல்லாம் செட்டாக இருப்பதுதானே இப்போதைய முறை. மறுவாரம் இறக்கத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தாள், கோணல்மாணலாக, தடவித் தடவி. நான் உரித்தேன். ஈரத்தில் டேப் நிற்காது என்று அவளே நினைத்துக்கொண்டாள்.

விளக்குகள் மொபைலில் கட்டுப்படுத்தும் வகை. தினமும் இரண்டு சதவீதம் குறைத்தேன். மெதுவாகக் குறைத்தால் கண் பழகிவிடும். மாற்றம் வெளிச்சத்தில் என்று தோன்றாது, தன்னிடம்தான் என்று தோன்றும்.

இருபத்தைந்தாம் நாள் அக்கா சாப்பிடும்போது கையை நிறுத்தினாள். "எனக்குக் கண்ணு இன்னும் மோசமாயிடுச்சோ?" என்றாள். அவள் குரலில் பயத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மறுநாளே மருத்துவமனைக்கு அழைத்துப்போய் நானே பரிசோதித்தேன். நான்காவது வரியை முழுக்கச் சரியாகப் படித்தாள்.

"அதுல ரெண்டு எழுத்து தப்புக்கா" என்றேன்.

பதிவேட்டில் நான்கு என்றே எழுதினேன். பார்த்திருப்பீர்கள். மருத்துவப் பதிவேட்டில் நான் ஒருபோதும் பொய் எழுதியதில்லை.

வீட்டுக்கு வந்தோம். செருப்பைக் கழற்றும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். தோற்றுவிட்டாள் என்று நினைத்தேன். அப்போதுதான் சொன்னாள்: "மூணு வரியாச்சும் மிச்சம் இருக்கே. நாலு நாள்ல பெட்டியக் கட்டுடி, ஊமைக்கோட்டான்."

முப்பதாம் நாளும் வந்தது. என் பெட்டியை அவளே அடுக்கியிருந்தாள். எனக்கு வெளியூரில் யாரையும் தெரியாது, மேடம். கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூட எனக்கு வாய் வராது. அக்காதான் கேட்டு வாங்குவாள். இதை விளக்கமாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அன்று காலை ஏழரைக்குக் குளிக்கப் போனாள். நான் சமையலறையில் நின்றேன். தண்ணீர்ச் சத்தம் வந்தது. பாட்டும் வந்தது. ஜெயித்த பாட்டு. தண்ணீர் நின்றதும் மொபைலை எடுத்தேன். வெளிச்சம் நாற்பதில் இருந்தது. பூஜ்யத்துக்கு இழுத்தேன். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. புதிதாகக் கட்டும்போது அடைத்திருந்தோம். ஜன்னல் இருந்தால் ஒரே நிறம் ஒரே நிறமாகத் தெரியாது.

"லைட்டு போயிடுச்சா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. இரண்டாவது தடவை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அதற்கும் சொல்லவில்லை. காலை எடுத்து வைத்திருப்பாள். அதன்பிறகு நீங்கள் விசாரித்த சத்தம்தான், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன சத்தம். விளக்கை நூறுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

முதுகெலும்பு என்றார்கள். இனி நடக்க மாட்டாள் என்றார்கள். நான் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து வர முடியாது என்றேன். முதல்முறையாகக் குரல் நடுங்காமல் பேசினேன்.

தானாகவே விழுந்ததாக அக்கா உங்களிடம் எழுதிக் கொடுத்தாள். பிறகு மேஸ்திரி அவளைப் பார்க்கப் போயிருக்கிறார். என்ன பேசினார்களோ தெரியாது. நேற்றிலிருந்து என்னை வார்டுக்குள் விட வேண்டாம் என்று அக்கா சொன்னதாக நர்ஸ் சொல்கிறாள்.

வலியில் சொல்லியிருப்பாள். நர்ஸுகளுக்கு அவளைப் புரட்டத் தெரியாது. நான் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், வாக்குமூலத்தைக் கொஞ்சம் சீக்கிரம் எழுதி முடியுங்கள். மூன்று மணிக்கு அவள் உடம்பைத் துடைத்துவிட வேண்டும். நான் இல்லாமல் அவளால் இருக்க முடியாது.